பழைய கூபேக்கு எந்த என்ஜின்?

அம்பாசிடர் காரின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, மெட்டடார் வேனின் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்து ஓட்டிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டீசல் மலிவு, அவ்வளவுதான் காரணம். அதிர்வில் கண்ணாடி கடகடத்தாலும், பேச்சு காதில் விழாவிட்டாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நம்மூர்க் கணக்கு முடிந்துவிடும். ஐம்பது வயதான ஒரு ஜெர்மன் காருக்கு என்ஜின் தேர்ந்தெடுப்பது அதைவிட எவ்வளவோ யோசனைக்குரிய காரியம். 2023-ல் மியூனிக் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில் அதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது. பார்த்தேன் என்பதைவிட, யோசனை சொல்லும் பொறுப்பே என் தலையில் விழுந்தது என்பதுதான் சரி.

கார், மகனின் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது எழுபத்திரண்டு. நான் பிம்ப்ரியில் என்ஜின் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்று மகன் அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தான். காரின் பெயர் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ். கூபே, முதல் பதிவு 1973. இரண்டே கதவுகள், மெல்லிய தூண்கள், பக்கக் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டால் நடுவில் தூணே இல்லாத திறந்த அழகு. 1968 முதல் 1975 வரை முப்பதாயிரத்துச் சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். உடலை உருவாக்கியது ஆஸ்நாப்ரூக் நகரத்துக் கார்மன் கம்பெனி. இதன் எடை குறைந்த தம்பியான சி.எஸ்.எல். 1973-லும், பிறகு 1975 முதல் 1979 வரை ஒவ்வோர் ஆண்டும் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டத்தை வென்றது. அந்தப் பெருமையில் கொஞ்சம் எல்லா கூபேக்களின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர் 1984-ல் பழைய காராக வாங்கியிருக்கிறார். 1996-ல் என்ஜின் கொதித்துப் படுத்துவிட்டது. அதன்பின் மாமனார் வீட்டுக் கொட்டகையில் துணி மூடிக் கிடந்தது. இப்போது ஒரு பட்டறை 24 வால்வு என்ஜின் ஒன்றைக் காட்டி, மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்டிருந்தது. அதை வாங்கினால் அவர் ஒதுக்கிவைத்த பணத்தில் பெரும்பகுதி என்ஜினுக்கே போய்விடும். அவர் மனைவிக்கோ இந்தக் காரில் இன்னொரு முறை ஆஸ்திரியாவின் கிராஸ்க்ளோக்னர் மலைச்சாலையில் போய்வர வேண்டும் என்று ஆசை. அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. தாழ்வான காரில் ஏறி இறங்குவது ஆண்டுக்காண்டு கடினமாகிக்கொண்டு வந்தது. ஆகவே மெல்ல மெல்ல முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பணமும் ஒரு முறைதான், காலமும் ஒரு முறைதான்.

முதலில் பழைய என்ஜினைப் பார்த்தோம். பி.எம்.டபிள்யூ. அதற்கு வைத்த பெயர் எம்.30. வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றைக் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு பேரிங். முன்பக்க மூடி தாழ்வாக இருக்கவேண்டும் என்பதற்காக என்ஜினையே 30 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். 2986 சி.சி.யும் இரண்டு கார்புரேட்டரும் கொண்டது, 180 குதிரைசக்தி. அலுமினிய ஹெட்டும் இரும்பு பிளாக்கும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ரேடியேட்டர் அடைத்துக் கொதித்தால் ஹெட் வளைகிறது, மோசமானால் வெடிக்கிறது. இங்கே இரண்டும் நடந்திருந்தன. இறங்கிய தண்ணீர் இருபத்தேழு ஆண்டுகள் நின்று, இரண்டு சிலிண்டர்களின் சுவரைத் துரு தின்றிருந்தது. பிளாக்கைத் துளை பெரிதாக்கிக் காப்பாற்றலாம், ஆனால் ஹெட்டும் பிஸ்டன்களும் புதிதாக வேண்டும். எனவே, இருப்பதையே புதுப்பிப்பதா, வேறு வைப்பதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

இத்தகைய கேள்வியில் எல்லோரும் முதலில் பார்ப்பது குதிரைசக்தி எண்ணை. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பையன்களும் அப்படித்தான். நான் அவரிடம் கேட்டது வேறு: "எங்கே, எப்படி ஓட்டப்போகிறீர்கள்?" அவர் யோசித்துச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைகள், ஆண்டுக்கு ஒரு மலைப் பயணம், மனைவி பக்கத்தில், நெடுஞ்சாலையில் 120, 130 வேகம், அதற்கு மேல் வேண்டாம். பாதி விடை இதிலேயே கிடைத்துவிட்டது.

மலை என்றதும் கார்புரேட்டர் விஷயம் வருகிறது. கிராஸ்க்ளோக்னர் சாலை 2500 மீட்டருக்கு மேலே ஏறுகிறது. சரிவு 12 சதவீதம் வரை உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கடல் மட்டத்தில் 180 குதிரைசக்தி தரும் என்ஜின் அங்கே 140 அளவில்தான் தரும். கார்புரேட்டரில் காற்றின் எடை குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை பெட்ரோல் மிகுந்ததாகி, கரும்புகையும் திணறலும் வருகின்றன. காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை இதைத் தானே சரிசெய்துகொள்ளும். அதோடு, மலையில் வேண்டியது உச்ச வேகத்துச் சக்தி அல்ல. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது, குறைந்த சுற்றிலேயே இழுக்கிற முறுக்கு விசைதான் வேண்டும். உதகமண்டலம் மலையில் கார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிரே இருந்த வழிகள் நான்கு. பழைய 3 லிட்டரை அப்படியே புதுப்பிப்பது ஒன்று. அதே 3 லிட்டரை, அந்தக் காலத்து சி.எஸ்.ஐ. மாடலைப் போல பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு 200 குதிரைசக்திக்கு ஏற்றுவது இன்னொன்று. மூன்றாவது, இதே எம்.30 குடும்பத்தின் பிற்கால மூன்றரை லிட்டர். நான்காவது, பட்டறைக்காரர் காட்டிய 24 வால்வு எம்.88. மின்சார மோட்டார் யோசனையை அவருடைய பேரன் சொன்னான். பெரியவர் சிரித்தார், அது அத்தோடு போயிற்று.

24 வால்வு என்ஜினைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. 1978-ல் எம்.1 என்ற பந்தயப் பிறவிக் காருக்காக உருவாகி, பிறகு எம்.635 சி.எஸ்.ஐ. காரில் 286 குதிரைசக்தியோடு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில். ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தச் சக்தி 6500 சுற்றில் கிடைக்கிறது. நம் ஆசிரியர் 4000-ஐத் தாண்டுவதே அபூர்வம். எம்.30-ல் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஸ்பானரும், ஒரு கம்பித்துண்டும், ஃபீலர் கேஜும் போதும், 0.30 மில்லிமீட்டர் வைத்து வீட்டிலேயே முடித்துவிடலாம். எம்.88-ல் அளவெடுத்த சிறு தகடுகளை மாற்ற வேண்டும், உதிரிபாகங்களோ பொன் விலை. 180 குதிரைசக்திக்கென்று வடிவமைத்த உடலில் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் சக்தியை ஏற்றினால் பிரேக், சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர் எல்லாவற்றையும் தொடர்ந்து மாற்ற வேண்டிவரும். பட்டறையின் விலைச்சீட்டில் என்ஜின் மட்டும்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் உடல். ஜீப்பைப் போல இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டுப் பெட்டிகளாய் மடித்து ஒட்டிய உடலே எலும்புக்கூடும் ஆகும். கார்மன் கூபேயின் பரம எதிரி துரு. முன் சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங் தாங்கும் இடம், கதவுக்கடியில் ஓடும் பெட்டிச் சட்டம், கதவுக் கீல் தூணின் அடி ஆகிய மூன்றும் முதலில் போகும். நடுத்தூண் இல்லாத காரில் கதவுக்கடிச் சட்டம்தான் முதுகெலும்பு. ஆசிரியரின் காரில் இடப்பக்கச் சட்டத்தைச் சுத்தியால் தட்டியபோது மேலே பளபளப்பான வண்ணம், உள்ளே பிஸ்கட். இதன்மேல் 286 குதிரைசக்தியை வைப்பது கறையான் அரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போன்றது. பணத்தில் முதல் பங்கு தகட்டு வேலைக்கு என்று அன்றே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது அரசாங்கக் காகிதம். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து, நல்ல நிலையில், பெரும்பாலும் அசல் வடிவில் இருக்கும் காருக்கு எண்ணின் கடைசியில் "ஹெச்" என்ற எழுத்துள்ள பலகை தருகிறார்கள். 1997-ல் வந்த ஏற்பாடு இது. என்ஜின் எவ்வளவு பெரியதானாலும் ஆண்டு வரி ஒரே தொகை, 191.73 யூரோ. கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்களுக்கு மூடியிருக்கும் மியூனிக் நகரின் உட்பகுதிக்குள்ளும் போகலாம். இந்தப் பலகை இல்லையென்றால், நகரத்தில் இருப்பவருக்கு இந்தக் கார் கண்காட்சிப் பொருள்தான். என்ஜினை மாற்றினால் பலகை போய்விடுமா? போகாது, ஆனால் நிபந்தனை உண்டு. அந்த மாற்றம் காரின் முதல் பதிவிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் காலத்தில் நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். புகையும் பழையதைவிட மோசமாகக் கூடாது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் குழப்பம் தெளிந்தது. 1973-உடன் பத்தைக் கூட்டினால் 1983. எம்.635 சி.எஸ்.ஐ. விற்பனைக்கு வந்தது 1984-ல். எம்.1 காரின் என்ஜின் அதற்கு முன்பே இருந்ததே என்று பட்டறைக்காரர் வாதித்தார். வாதம் செய்யலாம், ஆனால் முன்பணம் கொடுத்த பிறகு பரிசோதகரிடம் வாதம் செய்வது நல்ல யோசனையல்ல. மூன்றரை லிட்டர் எம்.30 குடும்பத்திலோ கதையே வேறு. 1978-ல் 635 சி.எஸ்.ஐ. காரில் 3453 சி.சி. வந்தது. 1982-ல் அதே காருக்கு 3430 சி.சி. வந்தது. இரண்டும் 218 குதிரைசக்தி. இரண்டும் எல்லைக்குள் அடங்குகின்றன.

இரண்டில் எது? இங்கேதான் தொழிற்சாலைப் பழக்கம் உதவியது. எம்.30-ல் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 100 மில்லிமீட்டர். 3 லிட்டரில் துளையின் விட்டம் 89, எனவே இரண்டு துளைகளுக்கு நடுவே 11 மில்லிமீட்டர் இரும்பு இருக்கிறது. 1978-ன் 3453-ல் துளை 93.4, மிஞ்சுவது 6.6. கேஸ்கட் அமர்ந்து பல ஆண்டு வெடிப்பைத் தாங்கவேண்டிய பாலம் அது. கொதித்துப் பழக்கப்பட்ட குடும்பத்தில் இந்த இளைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 1982-ல் துளையை 92-ஆகக் குறைத்து, பிஸ்டன் ஓட்டத்தை 84-லிருந்து 86 மில்லிமீட்டருக்கு நீட்டினார்கள். பாலம் 8 ஆயிற்று. புதிய 3430-ல் பாஷ் கம்பெனியின் மோட்ரானிக் இருக்கிறது. பெட்ரோல் பீய்ச்சுவதையும் தீப்பொறியையும் ஒரே மின்னணுப் பெட்டி கவனிக்கும் இந்த முறை 1979-ல் பி.எம்.டபிள்யூ. 732 ஐ காரில்தான் முதலில் வந்தது. முறுக்கு விசை 310 நியூட்டன் மீட்டர். பழைய கார்புரேட்டர் என்ஜினில் 255. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், அதுவும் நிதானமான சுற்றிலேயே கிடைக்கிறது. அந்த உயர மலையிலும் 170 அளவு குதிரைசக்தி மிஞ்சும்.

டி-ஜெட்ரானிக்கை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். 'டி' என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. உறிஞ்சு குழலின் அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் முறை. அந்நாளில் பெரிய சாதனை. ஆனால் அந்த அழுத்த உணர்வியும் ஐம்பது வயதுக் கம்பிக் கட்டும் இன்று நம்பத் தக்கவை அல்ல. அருங்காட்சியகத்துக்கு அது சரி, மலை உச்சிக்கு மோட்ரானிக் சரி.

கார் அசலாகவே இருக்கவேண்டும் என்ற கட்சியும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. காரோடு பிறந்த எண் பொறித்த பிளாக் இருந்தால் விற்கும்போது மதிப்பு அதிகம். அதனால் பழைய பிளாக்கை எறியக் கூடாது. எண்ணெய் தடவி, உறையிட்டு, மரச்சட்டத்தின் மேல் கராஜ் மூலையில் வைத்தோம். உடலில் வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் வைக்கிற என்ஜினைப் பேரன் காலத்தில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரே குடும்பத்து என்ஜினைத் தேர்ந்தெடுப்பதன் பெரிய ஆதாயம் இது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 3430 சி.சி. என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 218 குதிரைசக்தி தருவது அழுத்த விகிதம் 10 உள்ளது. கேடலிடிக் கன்வெர்ட்டருக்காகவும் அமெரிக்காவுக்காகவும் விகிதத்தை 8 ஆக்கிச் செய்தவையும் உண்டு. ஐரோப்பாவில் அவை தந்தது 185 தான். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. எந்தக் காரிலிருந்து வந்தது என்ற காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் பார்த்த முதல் என்ஜினுக்குக் காகிதம் இல்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியே பிஸ்டன் தலையைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டோம். இரண்டாவது, துருவால் உடல் இற்றுப்போன ஒரு 1982 மாடல் 635-லிருந்து வந்தது. கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. ஹெட்டைக் கழற்றி, வெந்நீரில் மூழ்கவைத்து, உள்ளே காற்றடைத்துக் குமிழி வருகிறதா என்று சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தார்.

வைக்கும்போது மாறுகிறவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் அவசியம். எண்ணெய்த் தொட்டியையும் உறிஞ்சு குழாயையும் பழைய என்ஜினிலிருந்தே மாற்றவேண்டும். புதியதன் வடிவம் இந்தக் காரின் அடிச்சட்டத்துக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது சுலபம். கார்புரேட்டருக்கு லேசான அழுத்தத்தில் பெட்ரோல் தரும் பம்ப், இன்ஜெக்‌ஷனுக்கு உதவாது. மின்பம்ப் வேண்டும், மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப ஒரு குழாயும் வேண்டும். ரப்பர் குழாய்கள் அனைத்தும் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். நம் நாட்டிலும் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ஃபியட் வைத்திருக்கும் அன்பர்களும் இதைக் கவனிக்கலாம். பிறகு, கேம் ஷாஃப்டின் மேல் எண்ணெய் தெளிக்கும் குழாயைப் பிடித்திருக்கும் துளைத்த போல்ட். அது தளர்ந்து எண்ணெய் நின்று கேம் தேய்வது எம்.30 குடும்ப வியாதி. புது வாஷரோடு இறுக்கிவிட வேண்டும்.

கியர் பாக்ஸ் நான்கிலிருந்து ஐந்தாயிற்று. ஐந்தாவது கியர் விகிதம் 0.8 சொச்சம், அதாவது நாலாவதில் என்ஜின் 4000 சுற்றும் வேகத்தில் இதில் 3300-க்குள் சுற்றும். இதற்காகத் தாங்கு சட்டத்தை நகர்த்தி, புரொபெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றிச் சமன் செய்தார்கள். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள மாடல் என்பதால் பிரேக்கில் அசல் பாகங்களையே புதிதாகப் போட்டால் போதுமானதாக இருந்தது. ரேடியேட்டரின் உட்கூட்டைப் புதிதாக்கினோம். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் 1996-க்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

என்ஜின் வாங்குவதற்கு முன்பே பரிசோதகரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தேன். 1982-ம் ஆண்டு விவரப் புத்தகத்தின் பக்கங்களோடு போனார். அவரும் ஆசிரியர், பரிசோதகரும் ஆசிரியர் மகன். இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அனுமதி வாய்மொழியாக வந்தது, முறைப்படி கார் முடிந்தபின் காகிதத்தில் ஏறியது. 24 வால்வுப் பட்டறைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிஞ்சிய பணத்தில் இரண்டு கதவுக்கடிச் சட்டங்களும் முன்பக்க ஸ்பிரிங் மேடைகளும் புதிதாயின.

நான் புனே திரும்பிய பிறகு, 2024 ஜூலையில் அவர்கள் மலைக்குப் போய்வந்ததாக மகன் சொன்னான். சூட்டுமானி முள் நடுவிலேயே நின்றதாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டில் இரண்டு இறுகியிருந்தன, மூன்றாவது சிலிண்டரிலும் ஐந்தாவதிலும். ஃபீலர் கேஜை வைத்து அவரே சரிசெய்துவிட்டு, படம் எடுத்து அனுப்பியிருந்தார்.